ஒரே ஒரு மூடிய கோப்பு

ஈக்காட்டுத்தாங்கலில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் ஓடியது, வைஃபை மட்டும் வரவில்லை. "நெட் இல்லாம இத வெச்சு என்ன பண்றது அங்கிள்?" என்றாள்.

வைஃபை சிப்புக்கு வேண்டிய ஃபர்ம்வேர் மூடிய கோப்பு. அதன் மூலநிரலைத் தயாரித்தவர்கள் தருவதில்லை. அப்படிப்பட்டதைக் கொடுக்கவே கூடாது என்பது ரிச்சர்ட் ஸ்டால்மன் தரப்பு. டெபியனும் பல ஆண்டுகள் அதைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்கவில்லை. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி மாற்றிக்கொண்டது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் அது சேர்ந்தது.

இது கொள்கைச் சறுக்கலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோப்பைத் தேடியெடுத்து பென்டிரைவில் கொண்டுவரத் தெரிந்தவனுக்குத்தான் அந்தத் தூய்மை கட்டுப்படியாகும். தெரியாதவள் விண்டோஸுக்கே திரும்பிவிடுவாள். ஒரு கோப்பு மூடியிருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்து, முழு கணினியையும் மூடிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

ஸ்டால்மன் தரப்பின் பயமும் பொய்யல்ல. சொல்லாமல் செய்த சமரசம் பழக்கமாகிவிடும். டெபியன் அவற்றைத் தனிப் பிரிவில் வைத்து, எது சேர்கிறது என்று பயனரிடம் சொல்கிறது. அந்தச் சொல்லுதலில்தான் நேர்மை இருக்கிறது.

கோப்பைப் போட்டேன், வைஃபை வந்தது. "இதுல இது ஒண்ணு மட்டும் என்ன செய்யுதுன்னு நம்மால பார்க்க முடியாதும்மா" என்றேன். "சரி அங்கிள்" என்று பாஸ்வேர்டை அடிக்க ஆரம்பித்தாள்.