திரையும் சம்மதமும்

மறைந்திருத்தல் அறமாகுமா என்னும் வினா புதியதன்று. அணிந்தவனைப் பிறர் கண்ணுக்குப் புலனாகாதவனாக்கும் மோதிரமொன்றினை இடையனொருவன் பெற்ற கதை பிளேட்டோவின் 'குடியரசு' நூலிலே வருகின்றது. காண்பார் இல்லாவிடத்து மனிதன் நேர்மை பிழையாதிருப்பானா என்பதே ஆண்டு எழுப்பப்பட்ட ஐயம். இன்று வீ.பி.என். வழியாக இணையத்தை நாடுவோரையும் அதே ஐயக்கண் கொண்டே பலர் நோக்குகின்றனர். ஆயின், 2018 மார்ச்சிலும் 2022 ஏப்ரலிலும் இலங்கையிற் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டவேளை அத்திரையின் துணைகொண்டே பலர் அவற்றை அடைந்தனர். அவருள் உற்றாரின் நலமறிய விழைந்தவனையும் கள்வனோடு சேர்த்தெண்ணுதல் தகுமா?

திரைக்குள் இருப்பதாக நம்பியவன் தான் அறியாமலே வெளிப்படுத்தப்படும்போது இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. இருவர் உலாவியினூடே நேரடியாக உரையாட உதவுவது வெப் ஆர்.டி.சி. என்னும் தொழினுட்பம். மிகக் குறுகிய பாதையைத் தேடும் பொருட்டு அது கணினியின் வலையமைப்பு வாயில்கள் அனைத்தையும் தட்டிப் பார்க்கும். 'என் முகவரி யாது?' என ஸ்டன் சேவையகத்தை வினவும். அவ்வினா வீ.பி.என். பாதைக்குப் புறம்பான வாயிலாற் சென்றுவிடின், விடையாக வருவது உண்மையான ஐ.பி. முகவரியே. பயர்பொக்ஸ், குரோம் ஆகிய உலாவிகளில் எந்த இணையப் பக்கமும் அனுமதி கேளாமலே இவ்விடையைப் படிக்கக்கூடியதாயிருந்தமை 2015 ஜனவரியில் வெளிப்படையாகக் காட்டப்பட்டது. உரையாட எண்ணியிராதவனுடைய முகவரியும் இவ்வாறு வெளியாயிற்று.

வீ.பி.என். நடத்துநர் அம்முகவரியை அறிவாரன்றோ, பின் எதனை இழந்தான் என வினவலாம். அவருக்குத் தெரியலாம் என்பது அவன் செய்த தெரிவு. பறிபோனது அத்தெரிவே.

2021 ஜனவரியில் இணையப் பொறியியற் பணிக்குழு 8828ஆம் இலக்க ஆவணத்தை வெளியிட்டது. பயனரின் சம்மதமின்றி எல்லா வாயில்களையும் நாடலாகாது, வழமையான பாதையொன்றே போதும் என்பது அதன் பரிந்துரை. நன்றே. எனினும், கமராவுக்கோ ஒலிவாங்கிக்கோ அளிக்கும் அனுமதியையே அச்சம்மதமாகக் கொள்ள அது இடந்தருகின்றது. முகங்காட்ட இசைந்தவன் இருப்பிடத்தின் சுவடுகாட்டவும் இசைந்தானென்பது விந்தையான தருக்கம்!

பயர்பொக்ஸில் 'மீடியா.பியர்கனெக்சன்.எனேபிள்ட்' என்பதை அணைத்துவிடின் இக்கசிவு நிற்கும். அவ்வுலாவியில் வெப் ஆர்.டி.சி. வழியான காணொளி அழைப்பும் உடன் நிற்கும். அமைப்புப் பட்டியலின் ஆழத்திற் கிடக்கும் அப்பெயரைத் தேடியறியும் பொறுப்பு, கசிவு நிகழ்வதையே அறியாத பயனர்மீது சுமத்தப்பட்டுள்ளது.