காசு கொடுத்து வாங்கும் கஷ்டம்

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ளும் மனிதனைக் கண்டு உலகம் நகைப்பது வழக்கம். விடுமுறை கிடைத்தால் கணவனும் மனைவியுமாக மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டு, கடற்பாலத்தைத் தாண்டி, மலேசியா, தாய்லாந்து என்று நாட்கணக்கில் சுற்றிவருவோர் சிங்கப்பூரில் இப்போது உண்டு. அவர்களில் மிகத் துணிந்தோர் விமானமேறி அமெரிக்கா சென்று, அங்கே ஒரு வண்டியை வாடகைக்குப் பிடித்து, மெக்ஸிகோவின் பாலைவனத்தையும் கடந்து பார்க்க விரும்புகின்றனர். இவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் பெரியவர்கள் இந்த ஓணான் கதையைத்தான் எடுத்து விடுகிறார்கள். வெயிலும் புழுதியும் தாகமும் இலவசமாய்க் கிடைத்த காலத்தில், அவற்றினின்று தப்புவதற்காகவே கடல் கடந்து வந்தவர்கள் நாம். நம் பேரப்பிள்ளைகளோ சேமித்த பணத்தைக் கொட்டி அதே வெயிலையும் தாகத்தையும் விலைக்கு வாங்கப் போகிறார்களே, இது நியாயமா, பைத்தியமா என்பது அவர்கள் கேள்வி.

இக்கேள்வியை நகைத்துத் தள்ளிவிட நமக்கு மனமில்லை. முதலில் அந்த இடம் எப்படிப்பட்டது என்பதைச் சிறிது பார்ப்போம்.

பாஹா கலிபோர்னியா என்பது மெக்ஸிகோவின் வடமேற்கே, பசிபிக் மாகடலுக்கும் கலிபோர்னியா வளைகுடாவுக்கும் இடையில் 1,200 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கும் ஒரு தீபகற்பம். வடக்கே அமெரிக்க எல்லையை ஒட்டிய திஹுவானா நகரிலிருந்து தெற்கு முனையிலுள்ள காபோ சான் லூகாஸ் வரை செல்லும் நெடுஞ்சாலை 1973ஆம் ஆண்டில்தான் முற்றுப்பெற்றது. அதன் நீளம் ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர். அதற்கு முன் நடுப்பகுதியில் இருந்ததெல்லாம் கல்லும் மணலும் கலந்த தடந்தான். இன்றும் பல இடங்களில் சாலை ஒடுங்கியது. ஓரத்தில் ஒதுங்கி நிற்க இடமில்லை. இரவில் மாடுகள் சாலைக்கு வந்துவிடும். ஆகவே இருட்டிய பின் வண்டியோட்டலாகாது என்பது அங்கே பாலபாடம். எல் ரொசாரியோ என்னும் சிற்றூரைத் தாண்டிவிட்டால், கெர்ரேரோ நேக்ரோவை நெருங்கும்வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒழுங்கான பெட்ரோல் நிலையத்தை நம்ப முடியாது. இடையே கத்தவீஞா என்ற இடத்தில், சாலையோரம் பீப்பாயிலும் தகரத்திலும் பெட்ரோல் வைத்து விற்பவரிடம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். யானைக் கூட்டம் படுத்தாற்போன்ற பாறைகள். தென்னை உயரத்துக்கு ஓங்கிய கார்டோன் கள்ளிகள். தலைகீழாய் நட்டு வைத்த முள்ளங்கியைப் போன்ற சிரியோ மரங்கள். கெர்ரேரோ நேக்ரோவுக்கும் அப்பால், சான் இக்னாசியோவில் திடீரென்று நீரும் பேரீச்சந் தோப்பும் கண்ணில் படும். கிறிஸ்தவப் பாதிரிமார் கொணர்ந்து நட்ட மரங்களின் வழி வந்தவை அவை.

காட்சி அழகுதான், மறுப்பார் இல்லை. ஆனால் அழகை வீட்டிலிருந்தே திரையில் காணலாமே, உடலை வருத்துவானேன் என்கிறார்கள்.

பணவிரயம் என்னும் ஆட்சேபத்தை நாம் அதிகம் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்தவன்போல், ஒரு பகல் கலியாணத்துக்காக ஐந்தாண்டுச் சம்பாத்தியத்தை அடகு வைக்கும் சமூகம், இருவர் ஊர் பார்க்கச் செலவிடும் பணத்தைக் கணக்குக் கேட்பது பொருந்தாது. இஃது பணக்காரர் பொழுதுபோக்கு என்பாரும் கொச்சி நகரத்துக் கதையைக் கேட்க வேண்டும். அங்கே ஒரு சிறு தேநீர்க்கடை நடத்திவந்த விஜயனும் அவர் மனைவி மோகனாவும் நாள் வருமானத்தில் 300 ரூபாயைத் தனியே எடுத்து வைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்கி அயல்நாடு செல்வார்கள். திரும்பி வந்து தேநீர் ஆற்றியே அக்கடனை அடைப்பார்கள். அடைத்து முடிந்ததும் மறுபடி புறப்படுவார்கள். 2007ஆம் ஆண்டில் அயல்நாடு செல்லத் தொடங்கிய அவர்கள், 2021 அக்டோபரில் ரஷ்யாவுக்குப் போய்வந்ததோடு 26 நாடுகளைப் பார்த்திருந்தனர். அடுத்த மாதமே விஜயன் காலமானார். அவர் சேர்த்து வைத்தது என்ன என்று கேட்போருக்கு மோகனா அம்மையார்தாம் விடை சொல்லத் தகுந்தவர்; நாம் அல்லோம்.

பெண்பிள்ளைக்கு இஃது அடுக்குமா என்பது இரண்டாவது ஆட்சேபம். தமிழ் படித்தவர்கள் வாயிலிருந்தே இது வருவதுதான் வேடிக்கை. குறிஞ்சியும் முல்லையும் கோடையில் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்று வகுத்த முன்னோர், அந்தப் பாலைக்கு இரண்டு ஒழுக்கங்களைச் சிறப்பாகச் சொன்னார்கள். பொருள் தேடப் போகும் தலைவன் தலைவியை வீட்டில் விட்டுச் செல்லும் பிரிவு ஒன்று. பெற்றோர் இசையாதபோது தலைவி தானே துணிந்து தலைவனோடு அந்தச் சுரத்தைக் கடந்து செல்லும் உடன்போக்கு மற்றொன்று. வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட பெண்ணையா பண்டைப் புலவர்கள் போற்றினார்கள்? கல்லும் முள்ளும் நிறைந்த வழியில் கால் சிவக்க நடந்த பெண்ணையல்லவா போற்றினார்கள்! புகாரிலிருந்து மதுரை வரை கோவலனோடு கண்ணகி நடந்தாள். அவளை வணங்குகிறவர்கள், தலைக்கவசம் அணிந்து பின்னாசனத்தில் அமரும் பெண்ணைப் பார்த்து மட்டும் முகம் சுளிப்பதேன்?

பின்னாசனந்தான் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட இடமென்று கொள்வதற்கும் நியாயமில்லை. தெரேசா வாலக், புளோரன்ஸ் பிளென்கிரன் என்னும் இரண்டு பெண்கள் 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, சஹாராவைக் கடந்து, 1935இல் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் டவுனை அடைந்தார்கள். ஆண் துணை இல்லை. வண்டி பழுதானபோது பிரித்துப் பூட்டியவர்களும் அவர்களே. ஆகவே நாம் கேட்பது, பெண் போகலாமா என்பதன்று. போவதென்ற தீர்மானம் இருவருடையதா, ஒருவருடையதா? தொட்டியில் எவ்வளவு பெட்ரோல், குடுவையில் எவ்வளவு தண்ணீர், இன்று இத்துடன் நிறுத்தலாமா என்று முடிவு செய்யும்போது பின்னால் இருப்பவளின் சொல் ஏறுமா, ஏறாதா? கணவனுடைய ஆசைக்காக மனைவி முதுகு நோகச் சுமக்கப்படுவாளானால் அது பிரயாணமன்று. சாமான் ஏற்றிச் செல்வதுதான்.

இப்பிரயாணத்தில் மெய்யான லாபம் ஒன்று உண்டென்றால் அதுவும் இங்கேதான் இருக்கிறது. நம் வீடுகளில் கணவனும் மனைவியும் ஒருவரிடம் ஒருவர் பேசுவதைவிட மற்றவர் காதுக்காகப் பேசுவதே அதிகம். தோட்டத்து லயத்தில் பலகைச் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். நகரத்து அடுக்குமாடி வீட்டிலோ மாமியார், பிள்ளைகள், ஓயாமல் ஒலிக்கும் கைத்தொலைபேசி. பாலையில் மூன்றாவது காது இல்லை. களைப்பை மறைக்க முடியாது. பயத்தையும் மறைக்க முடியாது. இருபதாண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் இன்னார் எதற்கு அஞ்சுவார் என்று அறியாத தம்பதிகள் நம்மிடையே எத்தனை பேர்!

இனி மூன்றாவது ஆட்சேபம். பெரியவர்கள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. ஓணான் கதைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒருவனுக்குத் தலைவிதியாய் இருக்கும் துன்பத்தை மற்றொருவன் விளையாட்டாய் எடுத்துக்கொள்வது அந்த முதல்வனை ஏளனம் செய்வதாகாதா என்பதே அது. இதற்கு விடை சொல்லாமல் நகர்வது கோழைத்தனம்.

திஹுவானாவிலிருந்து தெற்கே செல்லும் வண்டி, பாலையை எட்டுமுன் சான் கின்தீன் என்னும் பள்ளத்தாக்கைக் கடக்கிறது. தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் விளையும் பரந்த வயல்கள். விளைவதில் பெரும்பகுதி அமெரிக்கக் கடைகளுக்குப் போகிறது. பறிக்கும் கைகளோ தூரத் தெற்கேயுள்ள ஒஹாக்கா மாநிலத்து மிஸ்தெக், திரிக்கி முதலிய ஆதிக்குடி மக்களுடையவை. முன்பணம் கொடுத்து, நல்ல கூலி என்று சொல்லி, ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவரும் தரகர்கள் அங்கே உண்டு. அவர்களுக்கு அந்நாட்டு மொழியில் வேறொரு பெயர். நம் தோட்டத்து வாசகர்கள் அப்பெயரைக் கேட்கத் தேவையில்லை, கங்காணி என்றால் போதும். 2015 மார்ச் 17ஆம் தேதி அந்தத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். இதே நெடுஞ்சாலையை மறித்தார்கள். நாளொன்றுக்கு 300 பேசோ கூலி கேட்டார்கள். மருத்துவ வசதி கேட்டார்கள். வயலில் வேலை செய்யும் பெண்களிடம் மேஸ்திரிகள் முறைகேடாய் நடப்பது நிற்க வேண்டும் என்றும் கேட்டார்கள்.

இந்தக் கோரிக்கைகள் நமக்குப் புதியனவா? 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டுமென்றும், தோட்டத்துப் பெண்களைத் தொந்தரவு செய்வது ஒழிய வேண்டுமென்றும் கேட்டனர். அத்துடன் இன்னொன்றும் கேட்டனர்: துரையையோ கிராணியையோ எதிரே கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் போக வேண்டும் என்பது. இரண்டு சக்கரத்தின்மேல் உட்கார்ந்து, ஒருவருக்கும் இறங்காமல், தன் வழியே போகும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தவர்களின் சந்ததியார் நாம். அப்படியிருக்க, அவர்களுடைய பேரனும் பேத்தியும் மெக்ஸிகோ நாட்டு நெடுஞ்சாலையில் தலைநிமிர்ந்து வண்டியோட்டிச் செல்வதை வெறும் கொழுப்பு என்று எப்படிச் சொல்வது? நமக்கு அதில் ஒருவகைப் பெருமையே உண்டு.

ஆனால் அப்பெருமை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. சிங்கப்பூர்க் குடிகளாகிய இவ்விருவர் விசா இல்லாமலே மெக்ஸிகோவுக்குள் நுழையலாம். வண்டி நின்றுபோனால் காப்புறுதிக் கம்பெனிக்குச் சொல்லியனுப்பலாம். மனம் சலித்தால் திரும்பிவிடலாம். திஹுவானாவில் கடலுக்குள் இறங்கி நிற்கும் எல்லை வேலிக்கு இப்புறம் பிழைப்புத் தேடி வந்து நிற்பவனுக்கோ, சான் கின்தீன் வயலில் குனிந்திருப்பவளுக்கோ திரும்புதல் என்ற சொல்லுக்கு அர்த்தமே வேறு. திரும்பிவரும் உரிமையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படும் துன்பம் விளையாட்டுத்தான். விளையாட்டு குற்றமன்று, அதை வீரமென்று எண்ணி, ஊருக்கு வந்து மார்தட்டுவதுதான் நமக்குப் பிடிக்கவில்லை. சான் கின்தீனைக் கடந்த இருவர், கள்ளியைப் படம் பிடித்த அளவுக்கேனும் அந்த வயலையும் நின்று பார்த்தார்களா? தாம் தங்கிய இடத்தில் தட்டிலிருந்த பழத்தைப் பறித்தது யார் கை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்களா? அவ்வாறு கேட்டிருந்தால் அவர்கள் யாரையும் ஏளனம் செய்தவராகார்.

ஏளனத்தை அஞ்சும் பெரியவர்களுக்கு நாம் நினைவூட்ட விரும்புவது ஒன்றுண்டு. நம் முன்னோர் பட்ட துன்பங்களில் வெயிலும் தாகமும் பெரியவையல்ல, பிரிவுதான் பெரிது. பொருள்வயிற் பிரிவு என்று இலக்கணக்காரர் எழுதி வைத்ததை அவர்கள் நாகப்பட்டினம் துறைமுகத்தில் அனுபவித்தார்கள். 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ‘ரஜூலா’ கப்பல் இந்தப் பிரிவையே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. குடும்பத்தோடு தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டோர் உண்டு. ஆனால் அவர்கள் சேர்ந்து வந்ததும் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்ற கணக்கினால்தான். நகரத்தின் நிலை இன்னும் மோசம். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது சிங்கப்பூர் இந்தியரில் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்கள் இருந்தனர். சிராங்கூன் ரோட்டுக் கடைகளின் மாடியில் பாய்க்குப் பாய் நெருக்கிப் படுத்திருந்தவர்களில் எத்தனையோ பேருடைய மனைவியர் தஞ்சையிலும் இராமநாதபுரத்திலும் விளக்கேற்றிக் காத்திருந்தார்கள். கணவனும் மனைவியும் தாமே கூடிப் பேசி, தமக்குப் பிடித்த திசையில், தமக்குப் பிடித்த நாளில் சேர்ந்து புறப்படுவது என்பது அவர்கள் கனவிலும் காணாத செல்வம். இன்று இருவர் பாலையைச் சேர்ந்து கடக்கிறார்கள் என்றால், அந்தப் பழைய பிரிவின் ஒரு நூலாவது அறுந்தது என்றே நாம் கொள்கிறோம். போகட்டும், தாராளமாகப் போகட்டும்.

அறுந்தது எல்லாருக்குமா என்று கேட்டால்தான் நம் குரல் தாழ்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவிலும் ரேஸ் கோர்ஸ் ரோட்டிலும் புல்தரையில் வட்டமிட்டு உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பாருங்கள். கட்டடவேலைக்காக வேலை அனுமதிச் சீட்டில் வந்திருப்போர் மனைவி மக்களை அழைத்து வந்து உடன் வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருவதில்லை. ஆளுக்கொரு கைத்தொலைபேசி, அதன் திரையில் ஊர் முற்றமும் ஒரு முகமும். இவர்களில் பலர், வந்த கடன் அடைந்ததும் முதன்முதலாக வாங்குவது ஒரு மோட்டார் சைக்கிளைத்தான். அதை இங்கே வாங்குவதில்லை. இங்கே அது அவர்களுக்கு எட்டாத விலை. ஊரில் வாங்கி, திண்ணையோரம் துணி போர்த்தி நிறுத்தச் சொல்கிறார்கள். ஓராண்டோ ஈராண்டோ கழித்து ஒரு மாத விடுப்பில் போகும்போது அந்தத் துணியை எடுத்துவிட்டு, மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, மாமியார் வீட்டுக்கும் குலதெய்வக் கோயிலுக்குமாகப் போய்வருகிறார்கள்.