குதிரைக்கு உடம்பு சரியில்லை

உங்கள் பர்ஸுக்குள் எப்படியோ ஒரு கிழிந்த ஐம்பது ரூபாய் நோட்டு வந்துவிட்டது. என்ன செய்வீர்கள்?

எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் செய்வேன். கிழிசல் உள்பக்கம் போகிற மாதிரி மடித்து, இரண்டு நல்ல நோட்டுகளுக்கு நடுவில் செருகி, கூட்டமான பஸ்ஸிலோ வெளிச்சம் குறைவான பெட்டிக்கடையிலோ தள்ளிவிடுவோம். தள்ளியதும் ஒரு நிம்மதி வரும் பாருங்கள்... அதற்கு ஈடே கிடையாது. யாரோ நம் தலையில் கட்டினார்கள், நாம் இன்னொருவர் தலையில் கட்டினோம். கணக்கு நேர்.

ஐம்பது ரூபாய்க்கே இப்படி யோசிக்கிறவன், நாலு லட்ச ரூபாய்க்கு எப்படி யோசிப்பான்? இந்த வாரம் அந்தக் கதை. கதாநாயகன் நான்தான். வில்லனும் நான்தானா என்பதைப் படித்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

2018-ல் ஒரு பழைய ஜெர்மன் கார் வாங்கினேன். 2010 மாடல். என்ன கம்பெனி என்பது வேண்டாம். கம்பெனி மேல் ஒரு தப்பும் இல்லை. புதிதாக வாங்கியவர் நாற்பது லட்சத்துக்கு மேல் கொடுத்திருந்தார். எனக்கு ஏழே கால் லட்சத்துக்குக் கிடைத்தது. சின்னதாக ஒரு புதுக் கார் வாங்குகிற காசு! நான் பி.காம் படித்தவன். தேய்மானக் கணக்கு போட்டுப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவன். "தேய்மானத்தை எல்லாம் முதல் ஓனர் சுமந்துட்டார். சொகுசை மட்டும் நாம அனுபவிக்கப்போறோம்" என்று மனைவியிடம் விளக்கினேன்.

"சுமந்தவர் ஏன் இறக்கி வைக்கிறார்னு கேட்டீங்களா?" என்றாள்.

கேட்கவில்லை. விற்றவர் டாக்டர். சிங்கிள் ஓனர். பழைய கார் மார்க்கெட்டில் 'டாக்டர் ஓட்டின வண்டி' என்பது கல்யாண மார்க்கெட்டில் 'ஒரே பையன், சொந்த வீடு' என்பது மாதிரி. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

பழைய சொகுசுக் கார் பற்றி ஓர் அடிப்படை உண்மை இருக்கிறது. காரின் விலை வருஷா வருஷம் குறையும். ஆனால் அந்த விஷயம் அதன் ஹெட்லைட்டுக்குத் தெரியாது. ஏழு லட்ச ரூபாய் காரில் உட்கார்ந்துகொண்டு, நாற்பது லட்ச ரூபாய் காரின் ஹெட்லைட்டாகவேதான் அது பில் போடும். சஸ்பென்ஷன் புஷ், ஏ.சி. கம்ப்ரஸர், மழை பெய்தால் கோபித்துக்கொள்கிற சென்சார்... ஒவ்வொன்றுக்கும் பழைய அந்தஸ்து மறப்பதில்லை. ஜமீன் போனாலும் பட்டு வேஷ்டி போகாத பெரிய மனுஷர்கள் மாதிரி.

வாங்கிய ஆறாவது வாரம், வண்டலூர் தாண்டி டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனது. பானெட்டைத் திறந்தால் ஆவி. கட்டி இழுத்து மெக்கானிக் பாய் ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். கூலன்ட் போகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்தார். வருஷக்கணக்கில் இன்ஜின் சூட்டில் வெந்து, பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. அது சகஜம்தான். சகஜமில்லாதது, விரிசலின் மேல் அழகாகப் பூசியிருந்த எபாக்சி பசை.

"இது தானா வந்ததில்ல சார். தெரிஞ்சு பூசினது" என்றார் பாய்.

அறுபத்தைந்தாயிரம் ரூபாய். டாக்டருக்கு போன் செய்தேன். அவர் பதறவில்லை, மறுக்கவும் இல்லை. ஒரே வாக்கியம்தான் சொன்னார்:

"நீங்க கேக்கலையே சார்."

அந்த வாக்கியத்தை ஐந்து வருஷம் நெஞ்சில் முள்ளாக வைத்திருந்தேன். அது வெறும் சாக்கு அல்ல, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழமையான ஒரு தத்துவக் கட்சி என்பது பிறகுதான் தெரிந்தது.

கி.மு. 44-ல் ரோமாபுரியின் சிசரோ, தன் மகனுக்குக் கடமைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இதே வழக்கு வருகிறது. காருக்குப் பதில் வீடு. குறைகள் உள்ள வீடு. விற்கிறவனுக்கு மட்டும்தான் அவை தெரியும். அவன் சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற ஞானி சொல்கிறார் (பீப்பாயில் குடியிருந்தவர் அல்ல, இவர் பாபிலோன்காரர்): யாரும் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லையே? சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு. அவருடைய சீடர் ஆன்டிபேட்டர் மறுக்கிறார்: வழி தவறியவனுக்குத் தெரிந்தும் வழி காட்டாமல் நிற்பதும் இதுவும் ஒன்றுதான்! சிசரோ, சீடர் பக்கம் நின்றார். நம் வள்ளுவரும் அந்தப் பக்கம்தான். நடுவுநிலைமை அதிகாரத்தை முடிக்கும்போது, அடுத்தவர் பொருளையும் தன்னுடையதுபோல் பார்ப்பதுதான் வியாபாரிக்கு நல்ல வியாபாரம் என்கிறார்.

டாக்டர், டயோஜெனிஸ் கட்சி. நான் ஆன்டிபேட்டர் கட்சி. விற்கிற முறை எனக்கு வரும்வரை!

2023-ல் வந்தது. கியர் பாக்ஸ். ஆட்டோமேட்டிக். காலையில் கிளப்பினால் வெண்ணெய் மாதிரி போகும். முக்கால் மணி நேரம் டிராஃபிக்கில் ஊர்ந்து ஆயில் சூடேறிவிட்டால், இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது நடுவில் ஒன்றுமே இருக்காது. இன்ஜின் மட்டும் அலறும், வண்டி நகராது. கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது ஒருநாள் அப்படி ஆனது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி. ஹாரன் சத்தம் இன்னமும் காதில் இருக்கிறது.

"உள்ள கிளட்ச் தேஞ்சிருக்கு, சீல் போயிருக்கு. ஆயில் சூடானா பிரஷர் நிக்கல. பிரிச்சுச் செய்யணும். ஒன்றரை லட்சம் ஆகும் சார்" என்றார் பாய்.

எனக்கு அலுத்துவிட்டது. புதுப்பேட்டை கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு ரிப்பேரையும் 'இதுதான் கடைசி' என்று மனைவியிடம் சத்தியம் செய்து அலுத்துவிட்டது. விற்றுவிடலாம் என்று புரோக்கரிடம் சொன்னேன். நல்ல வண்டியாக இருந்தால் நாலு லட்சம் போகும் என்றார். குறையைச் சொன்னேன். சிரித்தார்.

"காலைல ஏழு மணிக்கு வரச் சொல்றேன். முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. பார்ட்டி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கும். பத்து நிமிஷம். என்ன தெரியப்போகுது?"

ஒன்றும் தெரியாது. எபாக்சி பசைகூடத் தேவையில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வராதபோது மனசு சட்டப் புத்தகத்தைத் தேடியது. பி.காமில் வணிகச் சட்டம் படித்தவர்களுக்கு அந்தக் குதிரையை ஞாபகமிருக்கும். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. 'அ' தன் குதிரையை ஏலத்தில் 'ஆ'வுக்கு விற்கிறார். குதிரைக்கு உடம்பு சரியில்லை என்பது 'அ'வுக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். வெறும் மௌனம் மோசடி ஆகாது. அப்பாடா என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பிரிவில் மேலும் உதாரணங்கள் இருக்கின்றன. 'ஆ' என்பவள் 'அ'வின் மகள், இப்போதுதான் மேஜரானவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 'அ' சொல்லியே ஆக வேண்டும். அடுத்தது: "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்கிறார் 'ஆ'. 'அ' பதில் பேசவில்லை. அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

அதே குதிரை. அதே வியாதி. எதிரே நிற்பது யார் என்பதுதான் மாறுகிறது. ஏலத்துக்கு வந்த அந்நியன் என்றால் மௌனம் வியாபாரம். மகள் என்றால் துரோகம். உண்மையைச் சொல்லலாமா கூடாதா என்று நாம் யோசிப்பதாக நினைக்கிறோம். நிஜத்தில் நாம் யோசிப்பது, இவர் நமக்கு யார் என்பதைத்தான்.

மறுநாள் ஏழு மணிக்கு வந்தார்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பையன், கூட அவன் அப்பா. வெள்ளை வேஷ்டி, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு. சீட்டில் உட்காருவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றப்போனார். "பரவாயில்லைங்க, அப்படியே உக்காருங்க" என்றேன். பையன் ஓட்டினான். வெண்ணெய்! பத்தே நிமிஷம். திரும்பி வந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க எழுதறதெல்லாம் வாரா வாரம் படிப்பேன். நீங்க வெச்சிருந்த வண்டின்னா நான் என்னத்த கேக்கறது?"

போச்சு. முதல் உதாரணத்திலிருந்து என்னை ஒரே வாக்கியத்தில் கடைசி உதாரணத்துக்குத் தள்ளிவிட்டார் மனுஷர். இனிமேல் நான் சும்மா இருந்தாலே அது பொய்.

சொல்லிவிட்டேன். கியர் பாக்ஸ், முக்கால் மணி நேரம், மேம்பாலம், ஒன்றரை லட்சம், எல்லாம். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நன்றி சொன்னார். லிஃப்ட் கதவு மூடுவதற்குள் பையன் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது:

"வேணாம்ப்பா. சொன்னதே இவ்வளவுன்னா, சொல்லாதது எவ்வளவோ?"

சிரிக்காதீர்கள். பையன் சொன்னதற்கு நோபல் பரிசே உண்டு. 1970-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் இதைத்தான் கட்டுரையாக எழுதினார். அதன் உதாரணமே பழைய கார் சந்தை. விற்கிறவனுக்குக் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவன் எல்லாக் காரையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைக்கிறான். அந்த விலைக்கு நல்ல காரை யாரும் விற்க மாட்டார்கள். நல்லது வெளியேறும், சொத்தை தங்கும். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை. 2001-ல் நோபல் வாங்கித் தந்தது. அதாவது, டாக்டர் அன்று வாயை மூடிக்கொண்டதற்கான அபராதத்தை, வாயைத் திறந்த நான் கட்டுகிறேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். முடியவில்லை.

அடுத்த வாரம் புரோக்கர் ஒரு பழைய கார் வியாபாரியைக் கூட்டி வந்தார். அவரிடமும் எல்லாக் குறையும் சொன்னேன். ஒரு சலனமும் இல்லை. "ரெண்டே கால். கேஷ். நீங்க சொல்லிட்டீங்க, உங்க கடமை முடிஞ்சது சார். மீதி என் தொழில்" என்றார். அந்த 'மீதி' என்ன என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து போனில் விளம்பரம் பார்த்தேன். என் கார்தான். பாலிஷ் போட்டுப் பளபளவென்று. விலை நாலு லட்சத்து இருபதாயிரம். 'பத்திரிகையாளர் ஓட்டியது. ஒரு குறையும் இல்லை.'

டாக்டர் போய், பத்திரிகையாளர்!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை லட்சம் செலவழித்துச் சரிசெய்து, பில்லோடு நாலு லட்சத்துக்கு விற்றிருந்தால் எனக்கு இரண்டரை லட்சம் மிஞ்சியிருக்கும். வியாபாரி கொடுத்தது இரண்டே கால். பி.காம் கணக்கிலும் தோற்றேன். ஆனால் என்னை உறுத்துவது அந்த இருபத்தைந்தாயிரம் இல்லை.

நான் உண்மையைத்தான் சொன்னேன். யாரிடம்? என்னைவிடத் திறமையாக மறைக்கத் தெரிந்தவரிடம். கிழிந்த நோட்டைப் பெட்டிக்கடைக்காரரிடம் தள்ளக் கூச்சப்பட்டு, அதைத் தள்ளுவதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். சிசரோவிடம் போனாலும், 17-வது பிரிவிடம் போனாலும், எனக்கு விடுதலை கிடைத்துவிடும். நான்தான் சொல்லிவிட்டேனே! ஆனால் குறையைச் சொல்வது வேறு, குறையைத் தீர்ப்பது வேறு. சொன்னதால் குறை என் கையை விட்டுப் போனது, அவ்வளவுதான். வண்டியை விட்டுப் போகவில்லை.

கிழிந்த நோட்டுக்கு ஒரு நேர்வழி இருக்கிறது. எந்த வங்கிக் கிளையிலும் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ரிசர்வ் வங்கியின் விதி அது. ஐம்பது ரூபாய் நோட்டு என்றால், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்து முழுசோ பாதியோ தருவார்கள். ரொம்பவும் கிழிந்திருந்தால் ஒன்றும் கிடைக்காது. நஷ்டம் நம்முடையது. ஆனால் அந்த நோட்டு அத்தோடு நிற்கும். வேறு யார் கைக்கும் போகாது. சங்கிலியில் யாராவது ஒருவர் கடைசி ஆளாக இருக்க வேண்டுமே! டாக்டர் இருக்கவில்லை. நானும் இருக்கவில்லை. வரிசையில் நிற்கச் சோம்பல்.

இப்போதும் கத்திப்பாரா மேம்பாலத்தில் அதே நிறத்தில் அந்த மாடல் கார் ஏறினால், நம்பர் பிளேட்டைப் பார்க்கிறேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்கிறேன். யாருடைய மகளோ ஓட்டிக்கொண்டு போகலாம். அவளிடம் யாராவது சொல்லியிருப்பார்களா?

அவள் கேட்டிருக்க மாட்டாள்.