கொதிக்க விட்டால் இன்னும் கரிக்கும்

குழம்பில் உப்பு கூடிப்போனால் முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். பலரும் செய்வது இதற்கு நேர்மாறு. "இன்னும் ரெண்டு கொதி வந்தா சரியாயிடும்" என்று தீயைக் கூட்டுகிறார்கள். கொதியில் போவது தண்ணீர் மட்டுந்தான். உப்பு அப்படியே தங்கிவிடும்.

திண்டிவனத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிழக்கே மரக்காணத்துக்குப் போனால் உப்பளம் பார்க்கலாம். பாத்தியில் உவர்நீரைத் தேக்கிவிட்டு, மற்றதை வெயிலிடம் விட்டுவிடுகிறார்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ள கடல்நீரே வற்ற வற்றப் பூத்து, பலகையால் வாரி வரப்பில் குவிக்கும் அளவுக்கு விளைந்துவிடுகிறது. கரிக்கும் குழம்பைச் சுண்டவிடுகிறவர், கேஸைச் செலவழித்து வீட்டில் உப்பளம் வைக்கிறார்.

உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துவிடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. கிழங்கு உப்பை மட்டும் பொறுக்கி எடுக்காது. உப்புத் தண்ணீரைச் சேர்த்துத்தான் குடிக்கும். மிஞ்சின குழம்பு கிட்டத்தட்ட அதே கரிப்பில் இருக்கும். சாத உருண்டைக்கும் இதே கதைதான். எலுமிச்சையும் வெல்லமும் நாக்கைக் கொஞ்சம் ஏமாற்றும், அவ்வளவே.

போட்ட உப்பை எடுக்க முடியாது, பாத்திரத்தைத்தான் பெரிதாக்க முடியும். சாம்பாருக்கு உப்பில்லாமல் வெந்த பருப்பு. ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர். கத்தரிக்காய்க் குழம்பென்றால் வறுத்து அரைத்த மல்லாட்டையும் வெந்நீரும். (டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்கள் திண்டிவனத்தின் பெயரைத்தான் சுமக்கின்றன. இந்த ஊரில் அதற்கா பஞ்சம்?) கருவாட்டுக் குழம்பில் தவறு முன்னாலேயே நடந்துவிடுகிறது: கருவாடு கொண்டுவரும் உப்பைக் கணக்கில் எடுக்காமல், வழக்கமான கை அளவைப் போட்டுவிடுகிறோம்.

கீரைதான் எல்லாரையும் ஏமாற்றும். நறுக்கிப் போட்டதும் சட்டி நிறைய நிற்கும். அந்தக் குவியலைப் பார்த்து உப்பை அள்ளிப் போட்டால், வெந்து இறங்கும்போது ஒரு கைப்பிடிதான் இருக்கும். கீரைக்கு உப்பு கடைசியில்தான்.

கீரை என்றதும் சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வருகிறது. அதன் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊரான 'கிடங்கில்' இன்று திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. அவனுடைய எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். உப்புக் கரையை ஆண்டவனைப் பாடும் அந்த நூலில்தான், வறுமைப்பட்ட பாணன் வீட்டில் குப்பையில் முளைத்த வேளைக்கீரை உப்பில்லாமல் வேகிறது. அக்கம்பக்கம் பார்த்துவிடுமோ என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறார்கள்.

உப்பு கூடின வீட்டில் கதவைத் திறந்தே வைக்கலாம். பாசிப்பருப்பை வேகவைத்துக் கலந்ததில் கீரை இரண்டு மடங்காகியிருக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு கிண்ணம் போகும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெல்லம் போட்டு மறைத்த உப்பும் அந்தக் கணக்கில் சேரும். அப்பாவுக்கு பி.பி. இருந்தால், கரித்த குழம்பு எத்தனை ருசியாகத் திருந்தியிருந்தாலும், அவர் தட்டில் ஒரு கரண்டி மட்டும் ஊற்றிவிட்டு மீதிச் சோற்றுக்கு உப்பில்லாத் தயிர் வையுங்கள்.