பழி ஓரிடம்

மொட்டைக் கடிதம் எழுதுகிறவனிடம்கூட ஒரு யோக்கியதை உண்டு. அவன் தன் பெயரை மறைக்கிறான். பிறன் பெயரைத் திருடுவதில்லை. ஆனால் கடிதத்தின் அடியில் அடுத்த வீட்டுக்காரன் பெயரை எழுதி அனுப்புகிறவன் இரண்டு பேரைக் காயப்படுத்துகிறான். கடிதத்தைப் பெற்றவனுக்காக இரங்க நாலு பேர் இருக்கிறார்கள். பெயரைப் பறிகொடுத்தவன் பாடு என்ன?

2002 ஏப்ரலில் உலகெங்கும் பரவிய ‘கிளெஸ்’ என்ற மின்னஞ்சல் வைரஸ் செய்தது இந்தத் திருட்டைத்தான். ஒரு கம்ப்யூட்டருக்குள் புகுந்ததும் அங்குள்ள முகவரிகளை அது திரட்டும். அவற்றில் ஒன்றை அனுப்பியவர் என்றும் இன்னொன்றைப் பெறுகிறவர் என்றும் போட்டுத் தன் நகலை அனுப்பிவிடும். 2003 ஆகஸ்டில் ‘சோபிக்’கும், 2004 ஜனவரியில் ‘மைடூ’மும் அதே வேலையைச் செய்தன. இது எப்படிச் சாத்தியம் என்கிறீர்களா? 1982-இல் ஜான் பாஸ்டல் வகுத்த மின்னஞ்சல் விதிகளில், அனுப்புகிறவர் இன்னார்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு இல்லை. தபால் உறையின் பின்புறம் எந்த விலாசத்தை எழுதினாலும் தபாலாபீசில் யாரும் கேட்பதில்லை அல்லவா? அதே கதைதான்.

ஆரணியில் அந்நாளில் ஒரு பட்டு வியாபாரி இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். பாவும் ஊடையும் ஜரிகையும் நெசவாளர் வீட்டுக்குப் போவது நம்பிக்கையில். நெய்த சேலை கடைக்குப் போவதும் நம்பிக்கையில். அங்கே பெயர்தான் முதல். ஒரு நாள் சிங்கப்பூர்க் கடைக்காரரிடமிருந்து கோபமான கடிதம் வருகிறது: “வைரஸ் அனுப்பிவிட்டீர்களே!” முன்பின் தெரியாத கம்பெனிகளின் காவல் இயந்திரங்களும் அவரைக் குற்றவாளி என்று தாமாகவே எழுதுகின்றன. அவர் தம் கம்ப்யூட்டரைச் சோதித்துப் பார்க்கிறார், ஒன்றுமில்லை. நோய் இருந்ததோ இருவர் முகவரியும் வைத்திருந்த சென்னை வாடிக்கையாளர் ஒருவரின் கம்ப்யூட்டரில்!

இதிலுள்ள விபரீதத்தைக் கவனியுங்கள். செய்யாததைச் செய்யவில்லை என்று ஆரணிக்காரர் எப்படி நிரூபிப்பார்? சென்னைக்காரரும் வேண்டுமென்று செய்தவரல்லர். ஆனால் மருந்து தேவைப்படுகிற அவருக்கு ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. கண்டனம் முழுவதும், எதையும் திருத்த முடியாதவரிடம் போய்ச் சேருகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். வைரஸை எழுதி ஏவியவனை யாரும் நினைப்பதுகூட இல்லை.

கண்ணுக்குத் தெரிகிற அடையாளமே போதும் என்று நினைப்பது பழைய வியாதி. கையில் சிலம்பு இருந்தது; கோவலன் தலை போயிற்று. மதுரையில் அன்று இல்லாமற்போனது சாட்சியமல்ல, விசாரணை. மின்னஞ்சலிலும் விசாரிக்க இடமிருக்கிறது. அனுப்பியவர் பெயர் பொய் சொன்னாலும், கடிதம் கடந்து வந்த வழி அதன் தலைப்பு வரிகளில் தபால் முத்திரைபோலப் பதிந்திருக்கும். அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

பின்னாளில், கடிதம் புறப்பட்ட நிலையத்தைச் சோதிக்கும் முறைகள் வந்தன. மொத்தமாகக் கடிதம் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் அவற்றைக் கட்டாயமாக்கின. நல்லதுதான். ஆயினும் கள்ளப் பெயர்கள் ஒழிந்துவிடவில்லை. இயந்திரம் முத்திரையைச் சோதிக்கும். மனிதனை விசாரிப்பது நம் பொறுப்பு. தெரிந்தவர் பெயரில் தகாத கடிதம் வந்தால், “ஏன் அனுப்பினீர்கள்?” என்று கேட்காமல், “நீங்கள் அனுப்பியதுதானா?” என்று கேட்கலாம். முதற் கேள்வியில் தீர்ப்பு முடிந்துவிட்டது. இரண்டாவதில் ஒரு மனிதனின் பெயர் இன்னும் அவனிடமே இருக்கிறது.