முட்டையின் ஓரவஞ்சனை

“பாதி அப்பா, பாதி அம்மா” என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்கிறோம். குரோமோசோம் வரைக்கும் அது சரி. உடல் செல்லில் 46 இருக்கும். விந்தணுவும் முட்டையும் உருவாகும்போது நடக்கும் குன்றல் பகுப்பு அதை 23 ஆக்கும். விந்தணுவில் 23, முட்டையில் 23, சேர்ந்தால் பழையபடி 46. மற்றதில் பாதிக்குப் பாதி என்ற பேச்சே கிடையாது.

ஆணின் விரையில் ஒரு தாய்செல் பிரிந்தால் நான்கு விந்தணு, நான்குக்கும் சம பங்கு. இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும், அவ்வளவுதான். முட்டையின் பாகப்பிரிவினை வேறு மாதிரி. குரோமோசோமை மட்டும் சரியாகப் பிரித்துவிட்டு, சைட்டோபிளாசம், சேர்த்துவைத்த சத்து, மைட்டோகாண்டிரியா எல்லாவற்றையும் ஏறக்குறைய முழுசாக ஒரே வாரிசுக்கு எழுதிவைத்துவிடுகிறது. இன்னொன்றுக்குத் துருவ உறுப்பு என்று ஒரு பெயர் உண்டு. முட்டையின் ஓரத்தில் சின்னப் பொட்டாக ஒட்டிக்கொண்டிருந்து அழிந்துபோகும்.

ஓரவஞ்சனைதான். ஆனால் காரணம் இருக்கிறது. கரு உண்டானதும் தாயின் ரத்தம் அதற்குக் கிடைத்துவிடுவதில்லை. கருப்பைச் சுவரில் ஒட்டவே ஆறேழு நாள் ஆகும். மூன்றாம் நாள் எட்டு செல் ஆகியிருக்கும். அளவோ அதே 0.1 மில்லிமீட்டர்தான். வளராமலே பிரிந்துகொண்டிருக்கிறது. தன் மரபணுக்களை முழுவீச்சில் இயக்கத் தொடங்கும்வரை, முட்டை கட்டிவைத்த சோற்றில்தான் அதன் பிழைப்பு.

முட்டையின் குன்றல் பகுப்பு எடுத்துக்கொள்ளும் காலம் இன்னும் வியப்பு. பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைச் செல்கள் பிரியத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகின்றன. பிறக்கும்போது பத்து லட்சத்துக்கும் மேல் அப்படிக் காத்திருக்கும். அவள் வயதுக்கு வந்தபின் வழக்கமாக மாதம் ஒன்று முதல் பகுப்பை முடித்து வெளியே வரும். இரண்டாவது பகுப்பு, விந்தணு உள்ளே நுழைந்தால்தான் முடியும். முப்பது வயதில் ஒருத்தி கருவுற்றால், அது முப்பது வருஷத்துக்கு மேல் கிடப்பில் கிடந்த வேலை. இவ்வளவு நாள் கிடந்ததில் குரோமோசோம்களின் பிடிமானம் தளர்ந்து, பிரிப்பில் பிசகு வருவதும் உண்டு. 21ஆம் குரோமோசோம் இப்படி ஒன்று கூடுதலாக வந்தால் டவுன் சிண்ட்ரோம்.

விந்தணு கொண்டுவரும் சில மைட்டோகாண்டிரியாவையும் கரு அழித்துவிடுகிறது. ஆகவே அந்தச் சொத்து மகனுக்கும் மகளுக்கும் தாயிடமிருந்துதான். மகனோடு அது நின்றுவிடும். மகள் வழியாகப் பேரனுக்கும் பேத்திக்கும் போகும்.