முதிய பெற்றோரும் வீட்டுப் பத்திரமும்



சூலை மாதம் 26-ம் நாள் அர்ச். சுவக்கீன், அர்ச். அன்னம்மாள் திருநாள். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2021-ம் ஆண்டில், இத்திருநாளை ஒட்டி வரும் சூலை நான்காம் ஞாயிற்றுக்கிழமையைத் தாத்தா பாட்டிமாருக்கும் முதியோருக்கும் உரிய நாளாகத் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்தினார். அன்று நம் சிறுவர்கள் முதியோருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள். பார்க்க மனதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் பொன்னாடை ஒரு நாளைக்குத்தான். படுக்கையில் விழுந்தபின் மூன்று வருடமோ ஐந்து வருடமோ யார் பார்ப்பது, எதைக்கொண்டு பார்ப்பது, எந்த வீட்டில் வைத்துப் பார்ப்பது என்பதை வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசினால் அபசகுனம் என்பாரும் உண்டு. வேதக்காரருக்கு அபசகுனம் ஏது?

நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகும் குருக்கள் எல்லாரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. தாம் கட்டின வீட்டிலேயே தாய் திண்ணையில் படுத்திருப்பாள். உள்ளே குளிர்சாதனப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். "ஏன் அம்மா இங்கே?" என்றால், "காற்று வருகிறது, சாமி" என்பாள். மெதுவாக விசாரித்தால் விஷயம் வெளியே வரும். புருஷன் செத்த மறுவருடமே, மகன் சொன்னான் என்று ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய், வீட்டை அவன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டாள். பத்திரத்தில் அன்பின் காரணமாக எழுதியதென்று கண்டிருக்கும். அவளுக்குச் சோறு போடவேண்டுமென்றோ, அவள் சாகும் மட்டும் அந்த வீட்டில் குடியிருக்கலாமென்றோ ஒரு வரியும் இராது. "பெற்ற பிள்ளையிடம் அப்படியெல்லாம் எழுதி வாங்கலாமா, சாமி?" என்று நம்மையே திருப்பிக் கேட்பாள்.

வாங்கலாம். வாங்குவதே நல்லது. இன்று நாம் சொல்ல வந்தது இதைத்தான்.

பிள்ளையை நம்பாதவர்கள்தான் எழுத்துக் கேட்பார்கள் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. வேதாகமம் அப்படி நினைக்கவில்லை. சீராக்கின் ஞான ஆகமத்தின் 33-ம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஒருவன் உயிரோடிருக்கும் வரையில் மகனுக்கோ, மனைவிக்கோ, சகோதரனுக்கோ, சிநேகிதனுக்கோ தன்மேல் அதிகாரத்தைக் கொடுத்துவிடலாகாது. சொத்தைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுப் பின்பு அதையே இரந்து நிற்கலாகாது. பெற்றோர் பிள்ளைகளின் கையைப் பார்த்திருப்பதைவிடப் பிள்ளைகள் பெற்றோரைக் கேட்டு வாங்குவதே மேல். பாகம் பிரித்துக் கொடுக்கும் காலம் ஆயுளின் முடிவு என்று அந்த ஞானி புத்தி சொல்கிறார். அதே ஆகமத்தின் 3-ம் அதிகாரத்தில், தகப்பனுக்கு அறிவு தடுமாறினாலும் மகன் பொறுமையாய் நடந்துகொள்ள வேண்டுமென்று சொன்னவரும் அவரே. இரண்டையும் எழுதினவர் ஒருவரே என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகளின் கடமையை வற்புறுத்தியவர், பெற்றோரை ஏமாளிகளாய் இருக்கச் சொல்லவில்லை.

தொபித்து என்னும் நீதிமானையும் நினைத்துப் பாருங்கள். கண் தெரியாமல், சாவு நெருங்கிற்றென்று எண்ணி மகனைக் கூப்பிட்டார். தம்மை நல்லடக்கம் செய்யவும், தாயை அவள் ஆயுள் உள்ளளவும் மரியாதையாய் வைத்துக்கொள்ளவும் கட்டளையிட்டார். பிறகு மேதியா நாட்டில் ராகேஸ் பட்டணத்தில் கபேல் என்பவரிடம் பத்துத் தாலந்து வெள்ளி வைத்திருப்பதையும் ஒளியாமல் சொன்னார். அதற்குக் கையெழுத்திட்ட சீட்டும் வைத்திருந்தார். மனைவிக்குப் பாதுகாப்பு, பணம் இருக்கும் இடம், அதற்கு ஆதாரம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மகனுக்குத் தெரிவித்துவிட்டார். நம்மில் எத்தனை குடும்பத் தலைவர்கள் இவ்வளவு செய்திருக்கிறோம்? வங்கிப் புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்றுகூட மனைவிக்குத் தெரியாத வீடுகள் உண்டு.

இனி நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். இது வக்கீல் வேலையல்லவா, சாமியாருக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நான்காம் கற்பனையைப் பிரசங்கிக்கிறவன், அது மீறப்படும் வழியையும் அறிந்திருக்க வேண்டும்.

2007-ம் ஆண்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று ஒரு மத்தியச் சட்டம் வந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாத தகப்பனோ தாயோ, பிள்ளைகளிடமிருந்து மாதந்தோறும் ஜீவனாம்சம் கேட்கலாம். பிள்ளையில்லாத முதியவர், தம் சொத்துக்கு வாரிசாய் வரக்கூடிய உறவினரிடம் கேட்கலாம். மனுவை நம் நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். முதியவருக்கு நடமாட முடியாவிட்டால் அவர் சார்பில் வேறொருவர் கொடுக்கலாம். அந்தச் சட்டத்தின்படி மாதத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் உத்தரவாகும். அதுகொண்டு, படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு ஆள் வைத்துப் பார்க்க முடியுமா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆகவே வீடும் நிலமும் கைவிட்டுப் போகாமலிருப்பது அதனினும் முக்கியம்.

அதே சட்டத்தின் 23-ம் பிரிவை நன்றாய் ஞாபகத்தில் வைக்கவேண்டும். மூத்த குடிமகன் ஒருவர், தம்மைப் பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கினவர் பராமரிக்கத் தவறினால், அந்தப் பத்திரத்தை ஏமாற்றி வாங்கியதாகக் கருதித் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். நிபந்தனையோடு என்ற சொல்தான் இதில் உயிர்நிலை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இந்தப் பிரிவு உதவாதென்று தீர்ப்புச் சொன்னது. 2025 சனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருத்தியின் வழக்கில், இது முதியோர் நன்மைக்காக வந்த சட்டமாகையால் தாராளமாய்ப் பொருள்கொள்ள வேண்டுமென்று அதே நீதிமன்றம் கூறி, அவள் கொடுத்த தானத்தை ரத்து செய்தது. அங்கே மகன் அவளைப் பராமரிப்பதாக எழுத்திலேயே வந்திருந்தது. ஆறுதலான தீர்ப்புத்தான். ஆனாலும் எழுபத்தைந்து வயதில் கோர்ட்டு வாசலில் நின்று, என் மனதில் இப்படி நினைத்தேன் என்று வாதாடுவதைக் காட்டிலும், பத்திரத்தில் நாலு வரி எழுதிவிடுவது எளிதல்லவா?

ஆதலால் செட்டில்மெண்ட் எழுதித்தான் ஆகவேண்டுமென்றால், "நானும் என் மனைவியும் ஆயுள் உள்ளவரை இவ்வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொள்கிறோம், எங்கள் உணவு, உடை, வைத்தியம் யாவையும் வாங்குகிறவர் கவனிக்க வேண்டும், தவறினால் இதை ரத்து செய்யலாம்" என்ற கருத்து அதில் இருக்கட்டும். பத்திர எழுத்தர் "வழக்கமான வாசகம் போதும், ஐயா" என்பார். போதாது. கையெழுத்துப் போடுமுன் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

நம் அபிப்பிராயத்தில், பெரும்பாலான குடும்பங்களுக்குச் செட்டில்மெண்டைவிட உயில் நல்லது. உயில் சாவுக்குப் பின்தான் செல்லும். அதுவரை வீடு உங்களுடையது. மனம் மாறினால் மாற்றி எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவு செய்வதும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். இங்கே கிறிஸ்தவர்கள் தவறாமல் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நமக்குச் செல்லுபடியாகும் 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய மனைவிக்கோ கணவனுக்கோ அந்த உயிலில் ஏதும் எழுதியிருந்தால் அந்தப் பாகம் செல்லாது. மருமகன் சாட்சியாய் நின்றதால் மகளின் பங்கு போய்விடும்! சாட்சிக்கு அன்னியரைக் கூப்பிடுங்கள்.

உயில் எழுதாமல் செத்தால், அதே சட்டப்படி விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் பிள்ளைகளுக்குச் சரிசமம். ஆண் என்றும் பெண் என்றும் வித்தியாசமில்லை. நியாயமான சட்டம். ஆனால் தாயையும் தகப்பனையும் பத்து வருடம் கழுவித் துடைத்துப் பார்த்தவளுக்கும், வருடத்துக்கொருமுறை திருநாளுக்கு வந்து போனவனுக்கும் அது ஒரே அளவுதான் கொடுக்கும். கலியாணம் ஆகாமல் வீட்டோடு இருந்துவிட்ட மகள், பெற்றோர் அடக்கம் முடிந்த மாதமே வீட்டை விற்கச் சொல்லும் சகோதரர் முன் கைபிசைந்து நிற்பதைக் காண்கிறோம். அவளுக்காகவாவது உயில் எழுதுங்கள். பார்க்கிற மருமகளும் கூலிக்காரியல்ல. அவள் பட்ட பாட்டுக்கு ஓர் எழுத்து இருந்தால் நாளைக்கு அவள் மற்றவர்கள் வாயில் விழ வேண்டியதில்லை.

ஞாபக மறதி நோயைப்பற்றியும் சொல்லவேண்டும். பலர், "மகனுக்குப் பவர் கொடுத்துவிட்டேன், கவலையில்லை" என்கிறார்கள். நம் நாட்டில் பவர் பத்திரம், கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போனால் முடிந்துபோகும். எந்தச் சமயத்தில் அது தேவையோ அந்தச் சமயத்தில் உதவாது. அதன்பின் அவர் சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும்படி உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியதாகிறது. ஆகவே பென்ஷன் வரும் கணக்கை, இருவரில் எவரும் எடுக்கலாமென்ற கூட்டுக் கணக்காக, நம்பிக்கையானவரோடு சேர்த்து வைப்பது, நாமினி யாரென்று பார்த்து வைப்பது முதலியவற்றை அறிவு தெளிவாயிருக்கும்போதே செய்யவேண்டும். வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொடுப்பவரே தவிர, அதனாலேயே சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

கடைசி வைத்தியத்தைப்பற்றியும் முன்கூட்டியே எழுதி வைக்கலாமென்று உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்தது. 2023-ல் முறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ கெசட் அதிகாரியிடமோ அத்தாட்சி பெற்றால் போதுமென்றது. வேதத்துக்கு இது விரோதமா? உயிரைப் போக்கும் மருந்தோ ஊசியோ கேட்பது பெரும் பாவம், அதில் விவாதமில்லை. ஆனால் தாங்கமுடியாத பாரமான, வழக்கத்துக்கு மிஞ்சின சிகிச்சைக்கு ஒருவரும் கட்டுப்பட்டவரல்ல என்று 12-ம் பத்திநாதர் 1957 நவம்பரில் மருத்துவர்களுக்குத் தெளிவாய்ச் சொல்லியிருக்கிறார். உணவும் தண்ணீரும் சாதாரணமாய்க் கொடுக்கப்பட வேண்டியவை. எழுதுகிறவர்கள் இதையும், குருவானவரைத் தாமதமின்றி அழைக்க வேண்டுமென்பதையும் அதிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள். சுய நினைவு போனபின் குருவைக் கூப்பிடும் வழக்கம் இன்னும் போகவில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சேசுநாதர் சுவாமி பரிசேயரைக் கடிந்துகொண்ட காரியங்களில் ஒன்று கொர்பான். தகப்பனுக்கும் தாய்க்கும் கொடுக்க வேண்டியதைத் தேவாலயத்துக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லித் தட்டிக்கழிப்பதற்குப் பெயர் அது. காகிதத்தில் குற்றமில்லை, தேவ கற்பனைதான் பாழாயிற்று. "கையெழுத்துப் போடு அம்மா, பேங்குக் கடனுக்கு" என்று தாயின் கையைப் பிடித்து இழுக்கிறவனும் அந்தப் பரிசேயனுக்கு அண்ணன் தம்பிதான். கோவிலுக்கு எழுதிவைக்க நினைக்கும் பெரியோருக்கும் இதே புத்திமதி. தர்மத்துக்கு உயில் எழுதும் கிறிஸ்தவர்களுக்கு இருந்த பழைய சட்டத் தடையை உச்ச நீதிமன்றம் 2003-ல் நீக்கிவிட்டது உண்மையே. ஆயினும் முதலில் மனைவிக்குக் கூரையும் கஞ்சியும் ஏற்பாடாகட்டும். மிஞ்சினது கோவிலுக்கு வரட்டும்.

இப்போதே கொடுமைக்கு உள்ளாயிருக்கும் முதியவர் யாரேனும் இதை வாசித்தால், அல்லது வாசிக்கக் கேட்டால், 14567 என்பது முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண். அதற்குப் பேசக் கூசினால் நம்மிடம் சொல்லலாம். முதல் வெள்ளிக்கிழமை வீடுகளுக்கு நன்மை கொண்டுவரும்போது, பெரியவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்யவோ தனியாய்ப் பேசவோ விரும்பினால், வீட்டார் கதவைச் சாத்திவிட்டுச் சற்றுநேரம் வெளியே இருக்கட்டும்.

உங்கள் பங்குக் குரு